நான் எழுதிய இரண்டு புதன்கிழமைகள்

டிசம்பர் 9, செவ்வாய்

இந்த நோட்டு கையில் கிடைத்தவர் யாராக இருந்தாலும், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். படித்தே ஆக வேண்டுமென்றால் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் செருகிவிடுங்கள். கிழித்து அடுப்பில் போட்டாலும் சரி. காட்டாதீர்கள்.

என் பெயர் நிரஞ்சனா. ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீடு ஒரே அறை. அதில் அம்மா, நான், தம்பி மிதுன். இன்றோடு அவனுக்கு எட்டு மாதம். நைனாவுக்குக் கோலார் பக்கம் கொத்தனார் வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறாள். நான் பள்ளிக்குப் போகும் நேரம் தம்பி அங்கே கம்பெனி குழந்தைகள் அறையில் இருப்பான். மற்ற நேரமெல்லாம் என் இடுப்பில்.

எழுதுவதற்கு வீட்டில் இடம் கிடையாது. வரிசையாக நாலு வீடு, நாலுக்கும் சேர்த்துப் பின்பக்கம் ஒரு கக்கூஸ். உள்தாழ்ப்பாள் இருக்கும் ஒரே இடம் இதுதான். எல்லோரும் தூங்கிய பிறகு வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கால் சில்லிட்டுப் போகிறது.

சயின்ஸ் டீச்சர் கண்காட்சிக்கு ஆளுக்கொரு தலைப்பு சீட்டில் எழுதிக் குலுக்கினார். எனக்கு வந்தது, ‘நம் பகுதிக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, மாதவாரியாக.’ வகுப்பே சிரித்தது. “சார்ட்டை மூக்கைப் பொத்திக்கினுதான் பாக்கணும்டி” என்றாள் பவதாரிணி. நானும் சிரித்தேன். 

சிரிப்பு வீட்டுக்கு வரும்வரை இருந்தது.

டிசம்பர் 11, வியாழன்

இன்றைய பரீட்சை முடிந்ததும் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஹேமா சிஸ்டர்தான் எங்கள் தெருக்களுக்கு நர்ஸ். “வாம்மா, பேதிக் கணக்குப் பிள்ளை” என்று வரவேற்று, மூன்று வருட நோட்டுகளைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளை மட்டும் மாதம் மாதமாக எண்ணினேன். மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மழை நின்ற பிறகுதான் ஏறுகிறது. டிசம்பரில் ஏறி, ஜனவரியில் உயர்ந்து, பிப்ரவரியில் உச்சி. பங்குனி வெயில் வந்ததும் சடாரென்று இறங்கிவிடுகிறது. மூன்று வருடமும் அப்படியே. என் எண்ணிக்கை தப்போ என்று மறுபடி எண்ணினேன்.

“தப்பில்ல. மழையில வர்ற பேதி வேற. இது பனியில வர்றது” என்றார் சிஸ்டர். “மார்கழி, தை, மாசி. பேரு ரோட்டா. காத்து காய்ஞ்சு கிடக்கும், எல்லாரும் கதவ சாத்திக்கிட்டு ஒரே ரூம்ல. ஒரு பிள்ளை சப்புன பொம்மைய இன்னொண்ணு எடுத்து சப்பினா போதும். கேன் தண்ணி குடிக்கிற வீட்டுலயும் வரும்.”

“வந்தா என்ன மருந்து சிஸ்டர்?”

“அந்தக் கிருமியக் கொல்ல மருந்தே இல்ல. வெளிய போற தண்ணிய உள்ள ஏத்திக்கிட்டே இருக்கணும். அதான் வர்றதுக்கு முன்னாடியே சொட்டு மருந்து. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம். போட்டுட்டா, வந்தாலும் பெரும்பாலும் லேசா வந்துட்டுப் போயிடும். சொட்டு மருந்து வர்றதுக்கு முந்தின நோட்டெல்லாம் பாத்தா நீ பயந்துடுவ.”

பிறகு அவராகவே சொன்னார். “உன் தம்பிக்குத்தான் கவலையே இல்லையே. மூணும் பழைய ஊர்லயே போட்டுட்டீங்க. கார்டுல பாத்தேன். உங்கம்மா வேலைக்கும் போய்க்கிட்டு அதையும் விடாம செஞ்சிருக்காங்க பாரு.”

“ஆமா சிஸ்டர்” என்றேன்.

டிசம்பர் 12, வெள்ளி

அம்மா இன்னும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். இருமல் கேட்கிறது. எழுத முடியாது.

டிசம்பர் 16, செவ்வாய்

சார்ட் முடிந்துவிட்டது. மற்ற மாதங்களுக்கு மஞ்சள், மூன்று பனி மாதங்களுக்கு நீலம். பிப்ரவரிப் பட்டை தலைப்பு எழுத்தையே இடிக்கிறது. சுருட்டிப் பீரோமேல் வைத்திருக்கிறேன். கண்ணை மூடினாலும் தெரிகிறது.

இன்று எழுதிவிடுகிறேன். எழுதினால் கனம் குறையும் என்று யாரோ சொன்னார்கள்.

பழைய ஊர் பேரணாம்பட்டு. மே மாதம் மிதுனுக்கு ஆறாவது வாரம். ஊசி போடுவது புதன்கிழமை, அம்மாவுக்கு அன்று லீவு கிடைக்காது. அவள் தைக்கும் லைனில் ஒரு ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் எல்லோர் முன்பும் கத்துவார். அதனால் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போடும் இடம் எங்கள் பள்ளிக்கு எதிரில். தாய்மார்களுக்கு நடுவில் வரிசையில் நின்றேன். தம்பிக்கு வாயில் சொட்டு, தொடையில் ஊசி. வீறிட்டு அழுதான், என் தோளெல்லாம் வாந்தி எடுத்தான். துடைத்துக்கொண்டே வெளியே வந்தால் கிரவுண்டில் எங்கள் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“டேய், நிரஞ்சனாவுக்குப் பிள்ளை பொறந்துடுச்சுடா!”

“சொல்லவே இல்ல! சாக்லேட் எங்க?”

பள்ளி திறந்ததும் என் பெயர் ‘அம்மா’ ஆகிவிட்டது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பெயர் வந்தால் பின்னாலிருந்து குழந்தை அழுவதுபோல ஒருவன் சத்தம் போடுவான். டீச்சருக்கே சிரிப்பு வரும்.

ஜூன் 18, புதன். பத்தாவது வாரம். தம்பியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெரு முனைவரை போனேன். காலை பெல் அடிக்கும் நேரம், அவர்கள் எல்லோரும் கேட்டில் நின்றார்கள். திரும்பிவிட்டேன். ஏரிக்கரைப் பக்கம் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பி என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். வீட்டுக்கு வந்து கார்டை எடுத்தேன். முதல் கட்டத்தில் நர்ஸ் எப்படி எழுதியிருந்தாரோ அதேபோல, நீலப் பேனாவில், தேதி எழுதினேன். அவர் கையெழுத்து மாதிரியே ஒரு சுழி போட்டேன். கை நடுங்கவே இல்லை. அது இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஜூலை 16, புதன். மறுபடியும் அதேதான்.

அந்த ஊர் நர்ஸ் வழியில் பார்த்துக் கேட்டபோது, “வீடு மாத்தறோம், அந்த ஊர்ல போட்டுக்கறோம்” என்றேன். ஜூலைக் கடைசியில் அம்மாவை ஆம்பூர் யூனிட்டுக்கு மாற்றினார்கள், வந்துவிட்டோம். இங்கே ஹேமா சிஸ்டர் கார்டு கேட்டபோது, “அந்த ஊர்லயே போட்டாச்சு” என்றேன். அம்மாவிடம் அன்றன்றைக்கே “போட்டாச்சு” என்று சொல்லியிருந்தேன். அம்மா அன்று எனக்குத் தனியாக முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

கனம் குறையவில்லை.

டிசம்பர் 20, சனி

பின்தெருவில் ஆட்டோக்காரர் பிள்ளைக்கு நேற்றிலிருந்து வாந்தியும் பேதியுமாம். ஒன்றரை வயது. சார்ட் போட்டபடியே வருகிறது.

தம்பியின் கிலுகிலுப்பை, பிளாஸ்டிக் வாத்து, கிண்ணம் எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். வாத்து உருகி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தரையை மூன்று முறை துடைத்தேன். 

முதல் வீட்டு ஓனரம்மா வாசலில் நின்று பார்த்தார். “இன்னாடி, கலெக்டர் வராரா?”

பக்கத்து வீட்டு ஜீவிதா அக்காவுக்குச் சிரிப்பு. அவளுக்கு இந்த மாதம் மூன்றாம் தேதிதான் பெண் குழந்தை பிறந்தது. “விடுங்க ஓனரம்மா. எம் பொண்ணும் இவள மாதிரியே வளரட்டும். நான் கால் நீட்டிக்கினு டி.வி. பாப்பேன்.”

டிசம்பர் 24, புதன்

பரீட்சை நேற்று முடிந்தது. இன்று புதன், ஊசி நாள். ஹேமா சிஸ்டர் போன வாரம் வாசலில் யாரோ ஒரு அம்மாவிடம் சொன்னதைக் காதால் கேட்டேன்: “நடுவுல விட்டிருந்தாலும் பரவால்ல. ஒரு வயசு ஆவறதுக்குள்ள தூக்கிட்டு வாங்க. விட்டத போட்டுக்கலாம். யாரும் அடிக்க மாட்டாங்க.”

அம்மா கம்பெனிக்குப் போனதும் தம்பிக்குக் குல்லாய் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். கார்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். கேட் வரை போய்விட்டேன்.

ஆனால் கூட்டம் அதிகமாக இருந்தது. தம்பிக்கு வெயில் பட்டுவிடும் என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

நைனா வந்திருக்கிறார். தம்பியைக் காலில் நிற்கவைத்துக் குதிரை ஆட்டினார். அவன் எச்சில் ஒழுகச் சிரித்தான். கீழே இரண்டு பல் தெரிந்தது.

ராத்திரி சாப்பிடும்போது நைனா அம்மாவிடம் சொன்னார்: “அங்க சாரத்து மேல நிக்கறேன்ல, வூட்ட நெனச்சி பயமே இல்ல. நம்ம பொண்ணு கீறா.”

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். “கண்ணு எங்க கீது?” என்றாள் அம்மா.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் உப்பு வேண்டுமா என்று கேட்டேன்.

ஜனவரி 1, வியாழன்

எதிர் வரிசையில் இரண்டு வீட்டில் வந்துவிட்டது. மிதுனுக்கு ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறான் என்று காலண்டரில் பென்சிலால் கோடு போடுகிறேன். இரண்டு கோடு. எப்போதும்போலத்தான்.

ஜனவரி 4, ஞாயிறு

மாலை ஆறு மணிக்கு ஒரு வாந்தி. எட்டரைக்கு ஒன்று. உடம்பு சுடுகிறது. “பல்லு வருதுல்ல, அதான்” என்கிறாள் அம்மா.

பல் அல்ல. எனக்குத் தெரியும்.

ஜனவரி 6, செவ்வாய்

இன்று இங்கே வந்து எழுதத் தேவையே இல்லை. வீட்டில் யாரும் கிடையாது. ஆனாலும் அறையில் பேனா ஓடவில்லை.

நேற்று விடிந்ததிலிருந்து தண்ணீராகப் போனது. காலண்டரில் கோடு போட்டு ஒன்பது வரை வந்தேன், பிறகு விட்டுவிட்டேன். அம்மா லீவு சொல்லிவிட்டாள். ஓனரம்மா வந்து, “பாலு நிறுத்து, தண்ணி குடுக்காத, குடுக்கக் குடுக்கத்தான் போவும்” என்றார். பிறகு அவரே, “எதனா வாயில போட்டு முழுங்கியிருக்கும். தொக்கம் எடுத்தா நின்னுடும்” என்றார். தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கியதை ஊதி வெளியே எடுப்பதாகச் சொல்லும் ஆள் ஒருவர் சந்தைக்கோடியில் இருக்கிறார்.

“வேணாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றேன்.

“நீ சும்மா இருடி. சொட்டு மருந்தெல்லாம் போட்ட பிள்ளைதானே. அந்தப் பேதியா இருக்காது. இது ஏதோ சிக்கினுகீது.”

அம்மா அப்படிச் சொன்னது என்னால்தான். அந்த வார்த்தை என் வாயிலிருந்து போய் அம்மா வாயிலிருந்து வந்தது.

சந்தைக்கோடியில் முன்னால் பதினோரு பேர் இருந்தார்களாம். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் திரும்பினாள். அந்த ஆள் ஊதி, வாழைப்பழத் துண்டு மாதிரி எதையோ எடுத்துக் காட்டினாராம். மிதுனுக்கு நாங்கள் வாழைப்பழமே கொடுக்கவில்லை.

நான் பள்ளிக்குப் போகாமல் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி ஒரு லிட்டர் பாட்டிலில் முழுசாகக் கரைத்தேன். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். மூன்று ஸ்பூன் உள்ளே போனால் ஐந்து ஸ்பூன் வெளியே வந்தது. நாலு மணிக்கு அவன் அழுதான். அழுகைச் சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. உச்சந்தலையில் குழி விழுந்திருந்தது. மத்தியானம் மாற்றிக் கட்டிய துணி காய்ந்தே கிடந்தது.

“அம்மா, இவன் ஒண்ணுக்குப் போவவே இல்லம்மா!” என்று கத்தினேன். நான் அம்மாவிடம் அப்படிக் கத்தியதே இல்லை.

ஆட்டோக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். காசு வேண்டாம் என்றார். “எம் பிள்ளை மூணு நாள்ல எழுந்துக்கினான்மா. பயப்படாத” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே ஹாரனை விடாமல் அடித்தார்.

கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலில் குத்தி, அதிலும் கிடைக்காமல், தலையில் குளுக்கோஸ் ஊசி போட்டார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

ஜனவரி 8, வியாழன்

வார்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நாங்கள் இருக்கும் ஹாலில் எல்லாக் கட்டிலிலும் இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகள். எல்லாமே இதே கேஸ். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகளைக்கூடப் படுக்க வைத்திருக்கிறார்கள். என் சார்ட்டில் இதற்கு நீலக் கலர் அடித்திருந்தேன்.

நான் இருக்கும்போதே டாக்டரம்மா வந்தார். மிதுனின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். “நேத்துக்கு இன்னிக்குத் தேவல. டெஸ்ட்டுல ரோட்டான்னு வந்திருக்கு. சொட்டு போட்டீங்களா?”

“மூணும் போட்டாச்சு மேடம்.” அம்மா பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டரம்மா பார்த்தார். அவர் கட்டைவிரல் என் சுழியின் மேலேயே இருந்தது. “போட்ட பிள்ளைங்களுக்கும் வரும்தான். ஆனா இவ்வளவு தூரம் போறது கொஞ்சம் அபூர்வம்” என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

நான் அம்மாவின் டிபன் பாக்ஸைத் திறந்து மூடினேன். திறந்து மூடினேன்.

“ஏண்டி, அத வெச்சி இன்னா பண்ற? எடுத்து வெய்யி. எனக்குச் சோறு இறங்காது” என்றாள் அம்மா.

ஜனவரி 11, ஞாயிறு

வந்துவிட்டான்! கழுத்து கோழிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான். இன்று நாலு முறை ஒன்றுக்குப் போனான். நாலு முறையும் நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

சாயங்காலம் எல்லோரும் பார்க்க வந்தார்கள். ஓனரம்மா, ஆட்டோக்காரர் மனைவி, ஜீவிதா அக்கா. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்.

“மூணு தபா போட்டோம்கா. மூணு தபா. ஊசி வேற. எம் பொண்ணு வெயில்ல தூக்கினு போய் நின்னா. இன்னாத்துக்கு ஆச்சு? சாவற நிலைக்குப் போய்ட்டு வந்துகீறான்.”

“தண்ணியக் கலந்து ஊத்துறானுங்களோ இன்னாவோ” என்றார் ஓனரம்மா.

ஜீவிதா அக்கா மடியில் தூங்கிய பாப்பாவின் மூடிய கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 13, செவ்வாய்

குழாயடியில் கேட்டது:

“அந்த ஷூ கம்பெனிக்காரம்மா பையனுக்கு சொட்டு போட்டுத்தான் வந்துச்சாம்.”

“போட்டும் வந்துச்சா, போட்டதால வந்துச்சா?”

“அதான் தெரியல.”

நான் என் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதிதான் நிறைந்திருந்தது.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். ஆனாலும் ஹேமா சிஸ்டர் வந்தார். போகி அன்று போட வேண்டிய ஊசியை வரும் புதனுக்கு, 21ஆம் தேதிக்கு, மாற்றியிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் வீடு வீடாக வந்தார். எங்கள் வரிசைக்கு வந்தபோது அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீவிதா அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். “நாங்க வரல சிஸ்டர்.”

“ஏன் ஜீவிதா? பாப்பாவுக்கு ஆறு வாரம் முடிஞ்சுபோச்சு. இதான் சரியான நேரம். இந்த மாசமும் அடுத்த மாசமும்தான் ரொம்ப…”

“பக்கத்து வூட்டுப் பிள்ளைக்குப் போட்டு இன்னா ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?”

“அந்தப் பிள்ளைக்கு இங்க நான் போடல…”

“யார் போட்டா இன்னா? மருந்து ஒண்ணுதானே?”

ஓனரம்மாவும் வெளியே வந்துவிட்டார். “பச்சப் பிள்ளைங்கள வெச்சி சோதனை பண்றீங்களா? போங்க, போய் மொதல்ல உங்க வூட்டுப் பிள்ளைக்குப் போடுங்க.”

“எம் பேத்திக்குப் போட்டாச்சும்மா. நானேதான் போட்டேன்” என்றார் சிஸ்டர். குடையை விரிக்கப் பார்த்தார், கம்பி மாட்டிக்கொண்டது. அப்படியே கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

போகும்போது என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். “கண்ணு, பழைய ஊர்ல நீதான தூக்கிட்டுப் போன? அங்க மருந்தை ஐஸ் பெட்டியிலிருந்துதான எடுத்தாங்க? வெளிய வெயில்ல கிய்ல வெச்சிருந்தாங்களா? நல்லா யோசிச்சு சொல்லு. நான் மேல எழுதிக் கேக்கணும். அந்த நர்ஸ் மேல தப்பு இருந்தா தெரிஞ்சுக்கணும்ல.”

என் கையெல்லாம் சாம்பல் பவுடர்.

“ஞாபகம் இல்ல சிஸ்டர்” என்றேன்.

இந்த வரிசையில் ஜீவிதா அக்கா வீடு மட்டும்தான். பின்தெருவில் இரண்டு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்களும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஜனவரி 18, ஞாயிறு

கண்காட்சி 30ஆம் தேதி. பொங்கல் லீவு விடும் முன்பே டீச்சர் சார்ட்டைச் சரிபார்த்துக் கேட்டார்: “அடுத்த மாசம் இவ்வளவு உயரமா இருக்கே. இதைப் பார்க்க வர்றவங்க என்ன செய்யணும்னு கடைசியில ஒரு வரி எழுதணும் நிரஞ்சனா. அதைக் காணோமே?”

லீவு முடிந்ததும் எழுதித் தருகிறேன் என்றேன். இத்தனை நாளாக அந்த இடம் வெள்ளையாகவே இருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

தூங்கவே இல்லை. மணி நாலே கால் இருக்கும், கோழி கூவிவிட்டது. வேகமாக எழுதுகிறேன்.

நேற்று மாலை ஜீவிதா அக்கா துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன்.

“அம்மா வூட்டுக்கு. ஏலகிரிக்கு அந்தப் பக்கம். நாளைக்குப் புதன்கிழமை, அந்த நர்ஸம்மா ஆள் கூட்டினு வந்து நிப்பாங்க. நமக்கு எதுக்கு வம்பு? இன்னிக்கு ராத்திரி ஊட்டுக்காரர் வராரு. காலையில அஞ்சு மணி பஸ். மாசி முடிஞ்சுதான் வருவேன்.”

மாசி முடிந்து. என் சார்ட்டில் நீலம் எங்கே முடிகிறதோ, அங்கே.

“அக்கா, அந்தச் சொட்டு நல்லதுதான்கா. போட்டுக்கினு போங்களேன்” என்றேன்.

அவள் பாப்பாவின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, பாவமாகத்தான். “உந்தம்பி தலையில ஊசி குத்தி வெச்சிருந்தாங்களே, அத ஆஸ்பத்திரியில வந்து நானும் பாத்தேன். அதப் பாத்துட்டு எப்பிடிடி என் பிள்ளைய தூக்கினு போவேன்? நீயே சொல்லு.”

நானே சொல்ல வேண்டியதுதான். சொல்லவில்லை. அக்கா பாப்பாவை என் மடியில் கொடுத்துவிட்டுச் சட்டையை மடித்தாள். பாப்பாவுக்கு எடையே இல்லை. மிதுன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாதி உடம்பாகிவிட்டிருந்தான். பாதி போவதற்கு இதனிடம் என்ன இருக்கிறது?

ராத்திரி அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று பக்கத்தில் படுத்தேன். 

“அம்மா, நான் ஒரு பெரிய தப்பு பண்ணியிருந்தா?” 

“பரீட்சையில ஃபெயிலா?” 

“இல்ல.” 

“அப்புறம் தூங்கு.” 

என் தலையைத் தடவினாள். கம்பெனிப் பசை வாசனை. ஒரு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். எழுப்பியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா இப்போதுதான் தூங்குகிறாள் என்று எழுப்பவில்லை. இல்லை, பொய். பயந்துதான் எழுப்பவில்லை. வெயில் பட்டுவிடும் என்று திரும்பியதும் பொய்தான். கூட்டம் என்பதும் பொய். அன்று வரிசையில் எட்டே பேர் இருந்தார்கள், எண்ணினேன். ஹேமா சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையைக்கூட அசைத்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்து முடித்துவிட்டேன். அம்மா அடிப்பாள். நைனாவுக்கு ஃபோன் போகும். சாரத்தின்மேல் நின்றுகொண்டு கேட்பார். தெருவெல்லாம் தெரியும். பவதாரிணிக்குத் தெரியும். ‘அம்மா’ என்று கூப்பிட்ட பையன்களுக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. ஹேமா சிஸ்டர் என்னைப் பார்க்கும் பார்வைதான்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே தேவையில்லை. நானே அளவு வைத்து வரைந்திருக்கிறேன்.

நிறைய பேச முடியாது, வாய் வராது. அதனால் ஒரே வரியை மனப்பாடம் செய்கிறேன்: மருந்து தப்பில்ல, மிதுனுக்கு ரெண்டு தடவை போடவே இல்ல, கார்டுல நான்தான் எழுதினேன். அவ்வளவுதான். இப்போது மணி நாலரை இருக்கும். இன்று புதன் ஆகிவிட்டது, மேலே தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன். ஐந்து மணி பஸ்ஸுக்கு அக்கா எழுந்திருப்பாள். பக்கத்து வீட்டில் லைட் எரிகிறது. பாப்பா சிணுங்குகிறது. வாளித் தண்ணீர் சத்தம். கால் வலிக்கிறது, எழுந்திருக்க வேண்டும். மருந்து தப்பில்ல, மிதுனுக்கு ரெண்டு தடவை

தட்டுகிறார்கள்.

“யாரு உள்ள? இவ்ளோ நேரமா?” 

அக்காவா அம்மாவா தெரியவில்லை. கதவு தகரம், எல்லாக் குரலும் ஒரே மாதிரி கேட்கிறது. யாராக இருந்தாலும் அதே வரிதான், தாழ்ப்பாளை எடுத்ததும் சொல்லி